கோவை – ஆக்லாந்து: அம்மா தனியா போறாங்க, எத்தனை ராத்திரி ஆகும்?

கொழுந்துக்கூடை (கோத்தகிரி):

எல்லாருக்கும் வணக்கம். வெளிநாட்டு விமானத்துல போய்ப் பழகினவங்க யாராவது நிதானமா விளக்கினா பெரிய உதவியா இருக்கும்.

என் தங்கச்சி நியூசிலாந்து ஆக்லாந்துல நர்ஸா இருக்கா. ஜூலை நடுவுல தலைப்பிரசவம். அம்மா பக்கத்துல இருக்கணும்னு அழறா. விசா வந்திருச்சு. அம்மாவுக்கு வயசு 62, டேன்டீ (அரசுத் தேயிலைக் கழகம்) தோட்டத்துல முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவங்க. முட்டி வலி உண்டு. பிரஷருக்குக் காலையில ஒரு மாத்திரை. இங்கிலீஷ் வராது, தமிழ் நல்லா வாசிப்பாங்க. எனக்கு லீவு கிடைக்காது, அதனால தனியாத்தான் அனுப்பணும்.

குழப்பம் என்னன்னா, ரெண்டு ஊர் பேரைப் போட்டா தூரம் காட்டுற ஒரு வலைத்தளத்துல கோவை, ஆக்லாந்துன்னு போட்டேன். 11,400 கிலோமீட்டர் சொச்சம், பறக்குற நேரம் சுமார் 14 மணின்னு வந்துச்சு. சரி, ஒரு ராத்திரி கதைதான்னு நினைச்சேன். டிக்கெட் பார்த்தா 14 மணிக்கு ஒண்ணுமே இல்ல. ஒண்ணு 18 மணி, ஒண்ணு 23, இன்னொண்ணு 31. திரும்பி வர்றதுக்கு அதைவிட ஜாஸ்தி. தூரம் ஒண்ணுதானே, போறப்ப ஒரு நேரம் வர்றப்ப ஒரு நேரம் எப்படி ஆகும்?

இதுக்கு நடுவுல எங்க மாமா, அம்மாவோட கடைசித் தம்பி, ஷார்ஜாவுல இருக்கார். "கோயம்புத்தூர்ல ஏறினா நேரா ஷார்ஜா. என்கிட்ட ரெண்டு நாள் இருந்துட்டு துபாய்ல ஏறிக்கோ அக்கா, ஆக்லாந்து வரைக்கும் ஒரே விமானம், நடுவுல எங்கயும் இறங்க வேண்டாம்"னு சொல்றார். தம்பியைப் பார்த்து மூணு வருஷம் ஆச்சுன்னு அம்மாவுக்கும் அந்தப் பக்கமே மனசு சாயுது. சிங்கப்பூர் வழியா, ஷார்ஜா வழியா, எது நல்லது?

அம்மா கிலோமீட்டரும் கேக்கல, மணிக்கணக்கும் கேக்கல. "எத்தனை ராத்திரி பாப்பா?"ன்னு மட்டும் கேக்கறாங்க. அதுக்குக் காரணம் இருக்கு. 1972ல, ஒன்பது வயசுல, இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பின சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கை அட்டன்ல இருந்து குடும்பத்தோட வந்தவங்க. தலைமன்னார் வரைக்கும் ரயில், அங்க இருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல், மண்டபம் முகாம், மறுபடி ரயில், மேட்டுப்பாளையத்துல இருந்து பஸ். அந்தக் கடல் ஐம்பது கிலோமீட்டர் கூடக் கிடையாது. ஆனா லயத்தை (தோட்டத்து வரிசை வீடு) பூட்டிட்டுக் கிளம்பினதுல இருந்து கோத்தகிரில ஒரு கூரைக்குக் கீழ படுக்குற வரைக்கும் பதினோரு ராத்திரின்னு இன்னிக்கும் விரல் மடக்கி எண்ணுவாங்க. எந்த ராத்திரி எங்க படுத்தாங்க, யாரோட போர்வைன்னு எல்லாம் சொல்லுவாங்க. அதனால எனக்கு ஒரு சரியான எண்ணிக்கை வேணும். தப்பா சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரல.

அவிநாசிரோடு:

மாமா சொல்றது நல்ல யோசனைதான் சகோ. துபாய்ல ஏறினா ஒரே விமானம். தனியா போற வயசானவங்களுக்கு நடுவுல மாறுறதுதான் கஷ்டம். தூரம் எப்படியும் ஒண்ணுதான், ஆக்லாந்து உலகத்தோட கடைசில இருக்கு.

குன்னூர் வாத்தியார்:

மேலே உள்ள பதிலோடு எனக்கு உடன்பாடு இல்லை. தூரம் ஒன்று இல்லை, நிறையவே வித்தியாசம். முப்பத்தொரு வருடம் புவியியல் பாடம் எடுத்தவன். நிதானமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள் அம்மா.

முதலில் அந்த 11,400. பூமி உருண்டை மேல் கோவையிலும் ஆக்லாந்திலும் விரலை வைத்து, நடுவில் ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் வருகிற தூரம் அது. நானும் கணக்குப் போட்டேன், சுமார் 11,430 கிலோமீட்டர். பெரிய விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் பறக்கும். ஏற இறங்கக் கொஞ்சம் சேர்த்தால் 14 மணி நேரம். கணக்கு சரிதான். ஆனால் அப்படி ஒரு விமானம் கோவையிலிருந்து கிடையாது. இல்லாத விமானத்தின் நேரத்தைத்தான் அந்தத் தளம் உங்களுக்குச் சொல்லியிருக்கிறது.

இனி நிஜமான வழிகள். கோவை – சிங்கப்பூர் சுமார் 3,160 கிலோமீட்டர். சிங்கப்பூர் – ஆக்லாந்து சுமார் 8,410. கூட்டினால் 11,570. நேர்க்கோட்டைவிட 140 கிலோமீட்டர்தான் அதிகம். குன்னூரிலிருந்து கோவைக்குப் போய்த் திரும்பி வருகிற தூரம், அவ்வளவே. பதினோராயிரத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. சிங்கப்பூர் ஏறக்குறைய நூலின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஷார்ஜா வழியைப் பாருங்கள். கோவை – ஷார்ஜா சுமார் 2,770 கிலோமீட்டர், அதுவும் மேற்கே. போக வேண்டியது கிழக்கே. துபாய் – ஆக்லாந்து சுமார் 14,200. உலகத்தின் மிக நீண்ட விமானத் தடங்களில் ஒன்று அது. மொத்தம் 16,970. அதாவது 5,400 கிலோமீட்டர் வீண் சுற்று. துபாயில் ஏறினால் பதினாறு மணி நேரம் ஒரே இருக்கை. முட்டி வலி உள்ளவரை அப்படி உட்கார வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். இன்னொன்று, ஷார்ஜாவில் இறங்கித் தங்க அந்த நாட்டு விசா வேறு எடுக்க வேண்டும். ஷார்ஜாவும் துபாயும் வேறு வேறு விமான நிலையங்கள். தம்பியைப் பார்க்கும் ஆசை நியாயமானது. அதை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள்.

போகிற நேரமும் வருகிற நேரமும் ஏன் வேறு? பூமி சுற்றுவதால் என்று பலர் சொல்வார்கள். அது தவறு. பூமியோடு காற்றும் சேர்ந்துதான் சுற்றுகிறது. காரணம் மேலே வீசும் காற்று. முப்பது நாற்பதாயிரம் அடி உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகமான காற்றோட்டம் உண்டு. வடக்கிலும் உண்டு, தெற்கே ஆஸ்திரேலியா பக்கமும் உண்டு. கிழக்கே போகிற விமானத்தை அது முதுகில் தள்ளும். மேற்கே திரும்புகையில் முகத்தில் அடிக்கும். அதனால்தான் சிங்கப்பூரிலிருந்து ஆக்லாந்து போகச் சுமார் 10 மணி, திரும்பச் சுமார் 11 மணி.

ஆக, கோவை – சிங்கப்பூர் நாலரை, பிறகு பத்து. வானத்தில் இருப்பது பதினாலரை மணி நேரம். நீங்கள் பார்த்த 18, 23, 31 எல்லாவற்றிலும் பறக்கும் நேரம் பெரிதாக மாறாது. மிச்சமெல்லாம் காத்திருப்பு. மூன்று நாலு மணி நேரக் காத்திருப்பு உள்ள டிக்கெட்டாகப் பாருங்கள். ஒரு மணி நேரம்தான் இடைவெளி என்றால் அதை எடுக்க வேண்டாம், முதல் விமானம் தாமதமானால் அம்மா தவித்துப் போவார்.

ராத்திரிக் கணக்குக்கு வருகிறேன். உதாரணமாகச் செவ்வாய் இரவு 11 மணிக்குக் கோவையில் கிளம்பினால் நம் நேரம் விடிகாலை 3.30க்குச் சிங்கப்பூர். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், அதனால் அவர்களுக்கு புதன் காலை 6 மணி. 9 மணிக்கு அடுத்த விமானம். பத்து மணி நேரம் பறந்து இறங்கினால் சிங்கப்பூரில் மாலை 7, ஆக்லாந்தில் இரவு 11. அதே புதன்கிழமைதான். அப்போது கோத்தகிரியில் மாலை 4.30, நீங்கள் டீ போட்டுக் கொண்டிருப்பீர்கள். ஜூனில் ஆக்லாந்து நம்மைவிட ஆறரை மணி நேரம் முன்னால். அவர்களுடைய கோடைக்காலத்தில் அது ஏழரை ஆகும்.

அம்மாவிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள். அந்த புதன்கிழமைப் பகல் சுருங்கிவிடும். விமானம் சூரியனுக்கு எதிர்த்திசையில் ஓடுவதாலும், ஜூன் அங்கே குளிர்காலம் என்பதாலும், சிங்கப்பூரில் ஏறிய ஆறேழு மணி நேரத்தில் ஆஸ்திரேலியாவின் மேலேயே பொழுது சாய்ந்துவிடும். மதியச் சாப்பாடு கொடுத்துக் கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் இருட்டைப் பார்த்தால் பயப்பட வேண்டாம்.

ஆகவே கோவையில் ஏறும்போது ஒரு ராத்திரி. நடுவில் ஒரு குட்டிப் பகல். இரண்டாவது ராத்திரி மகள் வீட்டில் படுக்கை. இதுதான் விடை.

கடைசியாக ஒன்று. நீங்கள் தலைமன்னார் என்று எழுதியதைப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை. கோவைக்கும் ஆக்லாந்துக்கும் இடையிலான அந்த நேர்க்கோடு எங்கெங்கே போகிறது என்று அட்சரேகை தீர்க்கரேகை வைத்துப் போட்டுப் பார்த்தேன். தலைமன்னார் பக்கத்தில்தான் அது கடலைத் தாண்டி இலங்கைக்குள் நுழைகிறது, மட்டக்களப்புப் பக்கம் வங்கக்கடலில் இறங்குகிறது. இரண்டு முறை சரிபார்த்தேன். சிங்கப்பூர் போகிற கோடு அதற்கு வடக்கே, கோடியக்கரை ஓரமாகப் போகும், அதனால் அம்மா அந்தக் கடலுக்கு நேர் மேலே பறக்க மாட்டார். ஆனால் உருண்டையில் நூல் பிடித்தால் அவர் ஒன்பது வயதில் கடந்த இடத்தின் மேல்தான் விழும். பிள்ளைகளின் பள்ளியில் உருண்டை இருந்தால் வாங்கி வந்து காட்டுங்கள்.

மேட்டுப்பாளையம் டாக்சி:

அக்கா, வானத்துல போறதுக்கு வாத்தியார் சொல்லிட்டாருங்க. ரோட்டுக்கு நான் சொல்றேன். கோத்தகிரில இருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், ஒரு மணி நேரம் வெச்சுக்குங்க. அங்கிருந்து டவுனுக்குள்ள போகாம துடியலூர்ல திரும்பி சரவணம்பட்டி, காளப்பட்டி வழியா ஏர்போர்ட். மொத்தம் ரெண்டரை மணி நேரம். ராத்திரி 11 மணி விமானத்துக்கு எட்டு மணிக்கு உள்ள இருக்கணும். அப்ப நாலரைக்கே வீட்டுல இருந்து எறங்கிடுங்க. ஒரு மணி நேரம் கையில இருக்கட்டும்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாங்க. சீசன் சமயத்துல மேல ஏற்றதுக்குக் குன்னூர் ரோடு, எறங்கறதுக்குக் கோத்தகிரி ரோடுன்னு ஒருவழி ஆக்கிடுவாங்க. ஊட்டி வண்டி பூரா உங்க ரோட்டுலதான் எறங்கும். போன வருசம் ஒரு குடும்பத்த ஏத்திக்கிட்டு வந்தேன், குஞ்சப்பனை பக்கம் யானை ரோட்டுல நின்னு முக்கா மணி நேரம் போச்சு. நேரத்தோட கிளம்பினதால தப்பிச்சோம். கீழ இருந்து வண்டி வரச்சொன்னா மலை ஏற இ-பாஸ் போடச்சொல்லுங்க. டிஎன் 43, நம்ம நீலகிரி நம்பர் வண்டின்னா அந்தத் தொல்லை இல்ல.

கொழுந்துக்கூடை (கோத்தகிரி):

வாத்தியார் ஐயா, ரெண்டு தடவை படிச்சேன், அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினேன். தலைமன்னார் வந்த இடத்துல "திரும்ப வாசி"ன்னாங்க. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல.

இன்னொரு சந்தேகம். மேட்டுப்பாளையம் இறங்குறப்பவே அம்மாவுக்குக் காது அடைச்சு வலிக்கும். விமானம் அவ்வளவு உயரம் போறப்ப என்ன ஆகும்? மூச்சு முட்டுமா? பிரசவத்துக்குன்னு அம்மா ஒரு மூட்டை கட்டி வெச்சிருக்காங்க: மலைப்பூண்டு, சுக்கு, வெந்தயம், லேகியம், ஒரு பாட்டில் தேன், நம்ம டீத்தூள். எடுத்துட்டுப் போகலாமா?

குன்னூர் வாத்தியார்:

காது விஷயம் எளிது. விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே அந்தக் காற்றழுத்தம் இருக்காது. பழைய ரகங்களில் 8,000 அடி மலை மேல் இருப்பது மாதிரி வைத்திருப்பார்கள், ஊட்டியைவிடச் சற்றே உயரம். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய ரகங்களில் 6,000 அடி. கோத்தகிரியின் உயரமும் ஏறக்குறைய அதே 6,000 அடிதான். சமவெளிக்காரர்களுக்குத்தான் அது மலை. உங்கள் அம்மாவுக்கு அது சொந்த ஊர்க் காற்று. ஐம்பது வருடமாக அங்கேயே மூச்சு விட்டவர்.

இறங்கும்போதுதான் காது வலிக்கும், மேட்டுப்பாளையம் ரோட்டில் வலிக்கிற அதே காரணம். இறங்கத் தொடங்கியதும் மிட்டாய் சப்பட்டும், எச்சில் விழுங்கட்டும். அந்த நேரத்தில் தூங்க விடாதீர்கள். சளி பிடித்திருந்தால் முன்கூட்டியே டாக்டரைப் பார்ப்பது நல்லது.

வெலிங்டன் மருமகள்:

நான் குன்னூர் வெலிங்டன். எங்க அத்தை ரெண்டு வருஷம் முன்னாடி இதே மாதிரி தனியா, சிங்கப்பூர் வழியா, நியூசிலாந்துல என் நாத்தனார் வீட்டுக்குப் போனாங்க. பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன் அக்கா.

மூட்டையை அவிழ்த்துடுங்க. அந்த நாட்டுல விவசாயத்துக்கு நோய் வந்துடக் கூடாதுன்னு ரொம்பக் கறாரா இருப்பாங்க. தேனை விடவே மாட்டாங்க. பச்சைப் பூண்டும் வேண்டாம். கடையில சீல் போட்டு வாங்கின டீத்தூள், சுக்குப் பொடி மாதிரி பொருள்களை எடுத்துட்டுப் போய்க் காட்டலாம். வெந்தயம் முழுசா வேண்டாம், பொடிச்சுப் பாக்கெட்ல இருக்கறது நல்லது. லேகியம் என்னென்ன போட்டதுன்னு இங்கிலீஷ்ல ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்க. எதுவா இருந்தாலும் "உணவுப் பொருள் இருக்கு"ன்னு படிவத்துல எழுதணும். எழுதிக் காட்டினா அதிகபட்சம் எடுத்து வெச்சுக்குவாங்க. மறைச்சா அங்கேயே 400 டாலர் அபராதம். எங்க அத்தை கைப்பையில ஒரு ஆப்பிள் மறந்து கிடந்துச்சு, விமானத்துல கொடுத்த ஆப்பிள். நல்ல வேளையா வரிசையில நிக்கறப்ப ஞாபகம் வந்து குப்பைத்தொட்டியில போட்டாங்க. அந்தப் படிவத்தை இப்ப ஆன்லைன்லயே போடலாம், காசு கிடையாது. உங்க தங்கச்சியே போட்டுக் கொடுத்துடலாம்.

ரெண்டு விமானமும் ஒரே டிக்கெட்ல இருக்கணும். இதுதான் முக்கியம். விலை கம்மின்னு எங்களுக்கு ஒரு ஏஜென்ட் தனித்தனியா ரெண்டு டிக்கெட் போட்டுக் கொடுத்துட்டார். அப்படின்னா சிங்கப்பூர்ல வெளிய போய்ப் பெட்டியை எடுத்து மறுபடி போடணும், அதுக்கு அந்த நாட்டுக்குள்ள நுழைய அனுமதி வேணும். கடைசி வாரம் தெரிஞ்சு, அழுது, மாத்தி, பணம் போச்சு. ஒரே டிக்கெட்னா பெட்டி நேரா ஆக்லாந்து போயிடும், அத்தை உள்ளேயே இருந்து மாறிடலாம். கோவையில பெட்டி போடறப்ப ஆக்லாந்து வரைக்கும் சீட்டு ஒட்டியிருக்கான்னு கேட்டுப் பாருங்க.

சக்கர நாற்காலி உதவி வேணும்னு டிக்கெட் எடுக்கறப்பவே சொல்லுங்க, இலவசம். நடக்க முடியும்னாலும் கேளுங்க. ஒவ்வொரு ஏர்போர்ட்லயும் அங்க இருக்கற ஆள் கூடவே வந்து அடுத்த விமானத்துல உக்கார வைப்பாங்க, ஆக்லாந்துல வாசல் வரைக்கும் வருவாங்க. சிங்கப்பூர்ல தமிழும் ஆட்சிமொழி, அங்க வேலை செய்யறவங்கள்ல தமிழ் பேசறவங்க நிறையப் பேர். எங்க அத்தையைத் தள்ளிட்டுப் போன பொண்ணு "சாப்பிட்டீங்களா ஆன்ட்டி?"ன்னு கேட்டாளாம். அதை ஊர் பூரா சொல்லிட்டாங்க.

மாத்திரையைக் கைப்பையில வைங்க, டாக்டர் சீட்டோட. காலையில ஒண்ணுன்னா எந்த ஊர் காலைன்னு குழப்பம் வரும். டாக்டர்கிட்ட கேட்டு, கடிகாரம் பார்த்துப் போட வேண்டிய நேரத்தைத் தாளில எழுதிக் கொடுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்கணும். நடைபாதை ஓரத்து சீட் கேளுங்க. ஜன்னலுக்கு ஆசைப்பட்டா எழுந்திரிக்கக் கூச்சப்பட்டு உக்காந்தே இருப்பாங்க, காலு வீங்கிடும்.

கொழுந்துக்கூடை (கோத்தகிரி):

எல்லாருக்கும் நன்றி. நேத்து மாமாகிட்ட பேசினேன். 5,400 கிலோமீட்டர் சுத்துன்னு சொன்னதும் அவரே "வேண்டாம், நான் பொங்கலுக்கு வர்றேன், அப்ப பார்த்துக்கறேன்"னுட்டார். அம்மாவுக்கு அரை மனசு, ஆனா சரின்னுட்டாங்க.

பையனோட ஸ்கூல்ல கேட்டு உருண்டையைச் சனிக்கிழமைக்கு மட்டும் இரவல் வாங்கிட்டு வந்தேன். அம்மா பாப்பாவுக்குக் குல்லா பின்னிட்டு இருக்காங்க, மஞ்சள் உல்லன். அதுல இருந்தே நூல் உருவி, ஒரு முனையை நான் கோயம்புத்தூர்ல அழுத்திப் பிடிச்சேன், மறு முனையைப் பையன் ஆக்லாந்துல பிடிச்சான். அம்மா கண்ணாடி போட்டுக்கிட்டு நூல் பக்கத்துலயே முகத்தை வெச்சுப் பார்த்தாங்க. இலங்கை அந்த உருண்டையில ஒரு பட்டாணி அளவுதான் இருக்கு. நூல் அதோட மேல் பாதியை மூடிட்டுப் போகுது. அம்மா நகத்தால நூலை லேசா ஒதுக்கி அடியில பார்த்தாங்க. "இங்கதான் அப்பாவோட கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், தண்ணி கறுப்பா இருந்துச்சு"ன்னாங்க. எங்க தாத்தா கப்பல்ல வந்ததைப் பத்தி அம்மா நிறையச் சொல்லியிருக்காங்க. இது மட்டும் இதுவரைக்கும் சொன்னதில்ல.

அப்புறம் சிங்கப்பூர் வழியா நூலை மாத்திப் பிடிச்சோம். ஐயா சொன்ன மாதிரியே, கூடுதல் நூல் வேண்டியிருக்கல, ஒரு துளி இழுத்தாப் போதுமா இருந்துச்சு.

டிக்கெட் போட்டாச்சு. ஜூன் மாசம், செவ்வாய் ராத்திரி, ஒரே டிக்கெட், நடைபாதை ஓரம், சக்கர நாற்காலி சொல்லியாச்சு. சிங்கப்பூர்ல மூணேகால் மணி நேரம் இடைவெளி. தேனும் பூண்டும் இங்கயே இருக்கும். பின்னல் ஊசியைப் பெரிய பெட்டியில போட்டுட்டோம், கைப்பையில வேண்டாம்னு.

"ரெண்டே ராத்திரிதாம்மா, ரெண்டாவது ராத்திரி பாப்பா வீட்டுல"ன்னு சொன்னேன். ரெண்டு விரலை மடக்கிப் பார்த்துக்கிட்டாங்க. அப்புறம் குல்லாவுக்குப் பத்தாமப் போயிடும்னு நூலை உருண்டையில இருந்து எடுத்து மறுபடி பந்துல சுத்திட்டாங்க.